வாளியில அடி தெரியணும்

சாப்பாட்டு மணி அடித்தால் கொக்கனேந்தல் நடுநிலைப்பள்ளியில் பிள்ளைகளுக்கு முந்தி ஆடுகளுக்குத்தான் கேட்கும். முதுகுளத்தூரிலிருந்து கடலாடி போகிற டவுன் பஸ் நின்று போகிற ஊர், அவ்வளவுதான். பெரிய ஊர் ஒன்றும் இல்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த ஊர் ஆடுகளைப் போல விவரமான ஆடுகளை வேறெங்கும் பார்க்க முடியாது. மணி அடித்ததும் கண்மாய்க்கரையில் மேய்ந்ததுகள் எல்லாம் விழுந்தடித்து ஓடிவந்து, பள்ளிக்கூடத்துப் பின்சுவர் ஓரமாக வரிசைகட்டி நின்றுகொள்ளும். ஏன் நிற்காது? கேரட், பீன்ஸ், கத்திரிக்காய், கீரை என்று பிள்ளைகள் தட்டிலிருந்து ஒதுக்கித் தள்ளுகிறது அத்தனையும் ஒரு நீல பிளாஸ்டிக் வாளியில் சேர்ந்து, ஒன்றரை மணிக்கு அந்தச் சுவருக்கு அங்கிட்டுத்தான் கவிழும்.

கவிழ்க்கிறவள் மகேஸ்வரி. பதினோரு வருசமாக அந்தப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல் அவள் கையில். பிள்ளைகளுக்கு அவள் ஆயம்மா. வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் வாய் சும்மா இருக்காது.

"நறுக்குறது நானு, வேகவைக்கிறது நானு, புகையில கண்ணு அவியிறது எனக்கு. திங்குறது யாரு? இந்தா நிக்கிறாக பாரு, தாடி வச்ச தொரைமாரு!"

தாடி வச்ச துரைமார்கள் அவளுக்குப் பதில் சொல்லாமல் பீன்ஸைத் தின்னும்.

மொத்தம் அறுபத்துமூணு பிள்ளைகள். அதில் ஏழாம் வகுப்பு வினோத்குமார் இருக்கிறானே, அவன் தனி ரகம். சாம்பார் சோற்றைப் பிசைந்து, விரலால் நீவி நீவி, தக்காளித் தோலைக்கூடத் தனியாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பான். "ஏலே, கடுகு ஒண்ணு உள்ள போயிருச்சுடா, ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று மகேஸ்வரி கேட்டால் பல்லைக் காட்டிச் சிரிப்பான். வியாழக்கிழமை ஆனால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். போன மாசம் கவிப்ரியா என்கிற பிள்ளை காலைக் கூட்டத்தில் கண் இருட்டிப் பொத்தென்று விழுந்தது. கீரையை ஆட்டுக்குப் போட்டுவிட்டு மாத்திரையைத் தண்ணீர் விட்டு முழுங்குகிற இந்தக் கூத்தை நினைத்தால் மகேஸ்வரிக்கு வயிறு எரியும்.

அவளிடம் இன்னொரு பழக்கம் உண்டு. சமையல்கட்டில் நின்றுகொண்டு 'தீர்ந்துபோச்சு' என்று சொல்லமாட்டாள். சோறு முழுக்கக் காலியாகிப் பானையில் பருக்கை இல்லாவிட்டாலும் "நெறஞ்சிருக்கு" என்பாள். உப்பு இல்லாவிட்டாலும் அப்படித்தான். தீர்ந்துபோச்சு என்று வாய்விட்டுச் சொன்னால் அந்த வீட்டில் அது தங்காது என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். காய்கறி விசயத்தில் அப்படிச் சொல்வதற்கு ஒரு நாளும் வேளை வந்ததில்லை என்பது வேறு கதை.

இப்படி இருக்கையில்தான் கலைச்செல்வி டீச்சர் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தது. அறிவியல் டீச்சர். சின்ன வயசு, பேச்சில் சுறுசுறுப்பு. வந்த ஒரு வாரத்தில் வாளியைப் பார்த்தது, ஆடுகளைப் பார்த்தது. ஆவணி மாசம் நடந்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டது.

"சார், பின்னாடி சும்மா கிடக்குற நாலு சென்ட்ல தோட்டம் போடுவோம். பிள்ளைகளே விதைக்கட்டும், பிள்ளைகளே பறிக்கட்டும். அளவு, கணக்கு, அறிவியல் எல்லாம் அங்கனயே நடத்திக்கிறேன். தான் வளத்ததைத் தானே திங்குறதுக்கு எந்தப் பிள்ளையும் முரண்டு பிடிக்காது."

ஊராட்சித் தலைவர் பாண்டித்துரை நாற்காலியில் சாய்ந்தபடி சிரித்தார். மனுசர் கெட்டவர் இல்லை. ஆனால் அந்த நாலு சென்டில் பேவர் பிளாக் கல் பதித்து, கொடிமேடை கட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்கான அனுமதியும் வாங்கி வைத்திருந்தார். போதாததற்கு, சுவரோரம் வரிசைகட்டுகிற ஆட்டில் பாதி அவருடையது.

"டீச்சரு, இருக்குற காயவே பிள்ளைக திங்கல. இதுல தோட்டம் வேறயா? எங்க ஆடு கொழுக்குறதுக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். டீ கொடுத்துக்கொண்டிருந்த மகேஸ்வரிக்கு மட்டும் சுருக்கென்றது. அவள் கைச் சமையலை அல்லவா சொல்கிறார்! டம்ளர் தட்டை டங்கென்று மேசையில் வைத்தாள்.

"திங்க வச்சுக் காட்டுறேன் தலைவரே!"

"எப்படித்தா காட்டுவ?"

"எப்ப வேணாலும் வந்து பாருங்க."

பாண்டித்துரைக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மீசையை ஒதுக்கிக்கொண்டார். "சரி. அடுத்த கூட்டம் சரியா முப்பதாம் நாளு. அன்னைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு நானே வாரேன். அந்த நீல வாளிய எட்டிப் பாப்பேன். வாளியில அடி தெரிஞ்சா இடம் தோட்டத்துக்கு. தெரியலையா, மறுநாளு கல்லு வந்து இறங்கும்."

அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "அடி தெரியலைன்னா நான் கரண்டியக் கீழ வச்சிட்டு வீட்டுக்குப் போறேன்!" என்று சொல்லிவிட்டாள் மகேஸ்வரி. சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. கூட்டத்தில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள், இனி முழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது.

மறுநாளே பள்ளிக்கூடம் ரெண்டுபட்டது. வேலி முள்ளை வெட்டிப் பெரியவர்கள் போட்டார்கள், பிள்ளைகள் மண்வெட்டியும் களைக்கொத்தும் வீட்டிலிருந்து தூக்கிவந்தார்கள். மிளகாய்க்காட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், கொத்தச் சொல்லியா கொடுக்கணும்? 'நான் கொத்துறேன், நீ தள்ளு' என்று மண்வெட்டிக்கு அடிபிடி. ஆட்டுப் புழுக்கையைச் சாக்குச் சாக்காக அள்ளிவந்தான் வினோத்குமார். "தின்ன காய்க்கு இப்பத்தான் கணக்கு நேராகுது" என்றாள் மகேஸ்வரி.

டீச்சர் சிறுகீரை விதைப் பொட்டலம் ரெண்டு வாங்கிவந்தது. இருபது இருபத்தஞ்சு நாளில் பறித்துவிடலாம், கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் பாருங்கள், அன்றைக்கே ராமநாதபுரத்தில் ஆறு நாள் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. "ஆயம்மா, ஒரு பொட்டலத்தைப் பிள்ளைகளை வச்சு விதைச்சிருங்க. கோடு போட்டு, ஸ்கேல் வச்சு இடைவெளி விட்டு, மெல்ல மண்ணைத் தூவி மூடுங்க. நான் வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ் ஏறிவிட்டது.

மகேஸ்வரி விதையை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். கறுப்பாக, கடுகில் பாதிகூட இல்லை. வெளியே பார்த்தாள். ஆவணி வெயில் தரையில் காய்ச்சி ஊற்றுகிறது. இதையா அங்கன போடுகிறது? வெந்து போகாதா? வேலிக்கு அந்தப் பக்கம் தாடி வச்ச துரைமார்கள் வேறு தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கொக்கனேந்தலில் முளைப்பாரி என்றால் மகேஸ்வரிதான். ஆடிப் பொங்கலுக்கு நாற்பது வீட்டு முளைப்பாரி கிளம்பினால், அவள் தலையில் இருக்கிறதுதான் ஒரு சாண் உசரம் கூட நிற்கும். முளைப்பாரி உசந்தால் ஊருக்கு மழை என்று கணக்கு. அவள் முளைப்பாரி ஓட்டைத் தலையில் எடுத்தால் ஊரே கூடிப் பார்க்கும். 'அடியே, எட்டு நாள்ல தட்டப்பயற இடுப்பு உசரத்துக்கு ஏத்துற கைடி இது! இந்தக் கீரை எம்மாத்திரம்?' என்று அவளுக்குள்ளேயே ஒரு குரல் கேட்டது.

அவசரக்காரிக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

"ஏ பிள்ளைகளா! கோடும் வேணாம் ஸ்கேலும் வேணாம். வீட்டுல கிடக்குற பழைய மண்சட்டிய எடுத்தாங்க. முளைப்பாரி போடுறோம்!"

பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டையை ஒரு பக்கம் ஒதுக்கி, ஜன்னலைச் சாக்கால் மூடி, முளைப்பாரி வளர்க்கிற மாதிரியே கும்மிருட்டாக்கினார்கள். இருபது சட்டியில் வைக்கோல் போட்டு, புழுக்கை தூவி, விதையை நெருக்கமாகத் தூவினாள் மகேஸ்வரி. சாயந்தரம் சாயந்தரம் பெண்பிள்ளைகள் சட்டியைச் சுற்றிக் கும்மி கொட்டினார்கள். முளைப்பாரி அறைக்கு உண்டான கட்டுத்திட்டமும் வந்துவிட்டது: செருப்புப் போடக்கூடாது, சத்தமாகச் சண்டை போடக்கூடாது, மீன், கறி என்று கவிச்சி தின்றுவிட்டு உள்ளே வரக்கூடாது. கீரைக்கும் கவிச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, மகேஸ்வரியும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாட்டிக்கொண்டது சஃபா. ஆறாம் வகுப்பு. அவள் வாப்பா வாலிநோக்கத்திலிருந்து டிவிஎஸ் வண்டியில் ஐஸ்பெட்டி கட்டி, ஊர் ஊராக மீன் விற்கிறவர். போன வருசம்தான் கொக்கனேந்தலில் வீடு எடுத்துத் தங்கினார்கள். அந்த வீட்டில் மீன் இல்லாத நாள் ஏது?

"சஃபா, காலையில என்னத்தா தின்ன?"

"சோத்துக்குச் சூடைமீன் ஆணம் ஊத்தித் தின்னேன், ஆயம்மா."

"அப்ப நீ வெளிய நில்லுத்தா. முளைப்பாரி கோவிச்சுக்கிரும்."

சஃபாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அவள் பங்கு விதை ஒரு சிட்டிகை காகிதத்தில் மடித்துக் கையில் இருந்தது. கைகழுவுகிற குழாயடிக்குப் போனாள், அங்கே உடைந்துகிடந்த ஒரு பெயின்ட் டப்பாவில் மண்ணை அள்ளிப் போட்டாள், டீச்சர் சொன்னபடி கோடு இழுத்தாள், ஸ்கேல் வைத்து விதையை ஒவ்வொன்றாக வைத்தாள், பட்டப்பகல் வெயிலில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

மூணாம் நாள் ஸ்டோர் ரூமில் முளை கண்டது. அஞ்சாம் நாள் பார்த்தால், ஆத்தாடி! நாலு விரக்கடை உசரம்! வெள்ளைத் தண்டும் மஞ்சள் இலையுமாகச் சட்டி சட்டியாக நிமிர்ந்து நிற்கிறது. சஃபாவின் டப்பாவில் அரை விரக்கடைகூட இல்லை. "என்னத்தா இது, எறும்புக்குக் குடை பிடிக்கவா?" என்று மகேஸ்வரி போகிற போக்கில் ஒரு கேலி பேசினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சஃபா டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் டீச்சர் வந்து இறங்குகிற அன்றைக்கு மகேஸ்வரி விட்டாளா! இருபது பெண்பிள்ளைகள் தலையில் சட்டியைத் தூக்கிவைத்து, ஆண்பிள்ளைகள் தட்டில் கரண்டியால் கொட்டடிக்க, ஸ்டோர் ரூமிலிருந்து தோட்டத்துக்கு ஊர்வலமே கிளப்பிவிட்டாள். தானே முன்னால் நின்று குலவை போட்டாள். தெருவில் போனவர்கள் சுவரேறிப் பார்த்தார்கள். டீச்சர் வாசலில் பையோடு நின்றது. முகத்தில் சிரிப்பும் இருந்தது, திகிலும் இருந்தது.

சட்டிகளைப் பாத்தியில் வரிசையாக இறக்கி வைத்தார்கள். மணி பத்தரை.

பதினொன்றரைக்குக் கீரை தலையைத் தொங்கப்போட்டது. பன்னிரண்டுக்குச் சாய்ந்தது. சாப்பாட்டு மணி அடிக்கும்போது இருபது சட்டியிலும் ஒன்றுகூட நிற்கவில்லை. வெள்ளை நூலை ஈரமாக்கிப் போட்ட மாதிரி சட்டியின் விளிம்பில் ஒட்டிக் கிடந்தது. மகேஸ்வரி ஒவ்வொரு சட்டியாகத் தூக்கிப் பார்த்தாள், தண்ணீர் தெளித்துப் பார்த்தாள், நிழலுக்கு இழுத்துப் பார்த்தாள். ம்ஹூம். ஏழு நாள் போச்சு, ஒரு பொட்டலம் விதையும் போச்சு. கரண்டியைக் கீழே வைப்பது கண்முன்னால் வந்து நின்றது. பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஓவென்று ஓர் அழுகை. பார்த்தால் வினோத்குமார்.

"ஆயம்மா, என்னாலதான் ஆயம்மா! முந்தாநேத்து கருவாடு தின்னுட்டு, திங்கலன்னு பொய் சொல்லி உள்ள போயிட்டேன். அதான் எல்லாம் சாஞ்சிருச்சு!"

"அட பாவி!" என்று நாலைந்து பேர் அவன் மேல் பாய்ந்தார்கள். இன்னும் ரெண்டு பேர் மெதுவாகப் பின்னால் நகர்ந்தார்கள். அவர்களும் கருவாடு தின்றவர்கள்தான் போலிருக்கிறது.

மகேஸ்வரி நிமிர்ந்தாள். அவள் கண் வினோத்குமாரைத் தாண்டிக் குழாயடிக்குப் போயிற்று. அங்கே உடைந்த பெயின்ட் டப்பா. காலையிலிருந்து அதே வெயில்தான் அதன் மேலும் அடிக்கிறது. குட்டையாக, கரும்பச்சையாக, ஒவ்வொரு கன்றும் காலை ஊன்றிக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. தினமும் மூணு வேளையும் மீன் தின்கிறவள் வைத்தது!

"ஏலே, அழுகைய நிறுத்து" என்றாள் மகேஸ்வரி. "கருவாடு மேல பழி போடாத. தப்பு என்னோடது. சாமிக்கு வளக்குற மாதிரி வளத்துட்டேன். முளைப்பாரி ஒரு நாளு ஊர்வலம் போயி அன்னைக்கே தண்ணியில கரையிறது, அதுக்கு அந்த உசரம் போதும். சமையலுக்கு வர்ற கீரைக்கு வெயில் வேணுமில்ல? மிளகாய்க்காட்டுல பாத்துக்கிட்டே இருந்தும் எனக்கு உறைக்கலையே!"

எழுந்து நேராகச் சஃபாவிடம் போனாள். அறுபத்திரண்டு பிள்ளைகளும் டீச்சரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மகேஸ்வரிக்கு மானம் என்றால் பெரிசு. ஆனாலும் கேட்டாள்.

"ஏத்தா சஃபா, உன்னைய வெளிய நிப்பாட்டினது என் புத்தி கெட்டத்தனம். மனசுல வச்சுக்காத. நீ எப்படி விதைச்ச, எங்களுக்கு ஒருக்கா காட்டு."

சஃபா ஒரு நிமிசம் முறைத்துப் பார்த்தாள். "எறும்புக்குக் குடைன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இனிமே சொன்னா என் வாயில சூடு வை."

சஃபாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்கேலை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.

மிச்சம் இருபத்துமூணு நாள், மிச்சம் ஒரே பொட்டலம் விதை. கலைச்செல்வி டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சாய்ந்த சட்டி ஒன்றையும் சஃபாவின் டப்பாவையும் வகுப்பு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது ஏன் சாய்ந்தது, அது ஏன் நின்றது என்று பிள்ளைகளையே சொல்லச் சொன்னது. அன்றைக்கு வகுப்பில் கை தூக்காத பிள்ளை இல்லை. புஸ்தகத்தில் ஒளிச்சேர்க்கை என்று படித்து மனப்பாடம் செய்தது வேறு, தலையில் தூக்கிப்போய் ஊர் சிரிக்கச் சாய்ந்ததைப் பார்த்தது வேறு.

அதற்கப்புறம் அந்தத் தோட்டத்துக்கு வந்த வேகம் இருக்கிறதே! சாயங்கால வெயில் தாழ்ந்ததும் விதைத்தார்கள். ஆளுக்கு ஒரு முழம் கோடு, கோட்டு முனையில் குச்சி நட்டு அதில் பேர். ஊர்க்கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதை ஊற்றினால் கன்று கருகும். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் குடிக்கத்தான் காணும். என்ன செய்ய? கவிப்ரியாதான் கண்டுபிடித்தது. கை கழுவுகிற தொட்டியிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். தட்டைத் தேய்க்காமல் முதலில் அலசுகிற தண்ணீர், கை கழுவுகிற தண்ணீர் எல்லாம் நேரே பாத்திக்கு. அதுவரைக்கும் கை கழுவச்சொன்னால் ஓடி ஒளிகிற பயல்கள், தன் கோட்டுக்குத் தண்ணீர் பாயட்டும் என்று நாளைக்கு ஏழு தடவை கை கழுவினார்கள். "ஏலே, தோல் உரிஞ்சிரப் போகுது!" என்று மகேஸ்வரி கத்தவேண்டி வந்தது.

காலையில் மணி அடிக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முந்தியே பள்ளிக்கூட வாசலில் கூட்டம். ஸ்கேலை வைத்து அளக்கிறதும், நோட்டில் எழுதுகிறதும், "என்னுது ரெண்டு சென்டிமீட்டர்டா!" "போடா, எனக்கு ரெண்டரை!" என்று கத்துகிறதும் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஒருநாள் தலைவர் வீட்டுக் கிடா ஒன்று முள்வேலியில் தலையை விட்டு மூணு கன்றைக் கடித்துவிட்டது. அது யார் கோடு? வினோத்குமார் கோடு! அவன் குதித்த குதியில் கிடாவே மிரண்டு ஓடிப்போயிற்று. "என் கீரைய எப்படித் திங்கலாம்?" என்று அவன் கண்ணில் தண்ணீரோடு நின்றதைப் பார்த்து மகேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. 'என் கீரை' என்கிறானே!

ஆனால் வாளி இன்னும் நிறைந்துகொண்டுதான் இருந்தது. தோட்டத்துக் கீரையை 'என் கீரை' என்கிறவன், சாம்பாரில் வருகிற கடைக் கேரட்டை அதே மாதிரி ஒதுக்கித்தான் வைத்தான். இருபத்தஞ்சாம் நாள் எட்டிப் பார்த்தாள், அரை வாளி. இருபத்தெட்டாம் நாள் பார்த்தாள், அதே அரை வாளி. மகேஸ்வரிக்குத் தூக்கம் போயிற்று.

முப்பதாம் நாளும் வந்தது. காலையில் ஒன்பது மணிக்கு அறுவடை. சஃபா முதல் கன்றைப் பறித்தாள், அடுத்து அத்தனை பேரும் பாய்ந்தார்கள். ஏழு கூடை! குத்துக் குத்தாகச் சிறுகீரை, மண் வாசனையோடு, பச்சை சொட்டச் சொட்ட. பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து சமையல்கட்டு வாசலில் இறக்கி, "எங்க கீரை ஆயம்மா, எங்க கீரை!" என்று குதித்தார்கள். மகேஸ்வரி நறுக்கினாள், சின்ன வெங்காயமும் பூண்டும் நம்ம ஊர் முண்டு மிளகாயும் கிள்ளித் தாளித்துக் கீரையைப் போட்டாள். கூடையில் மலையாக இருந்தது சட்டியில் வதங்கி வதங்கி இறங்கியது. இன்னும் இறங்கியது. கடைசியில் மூடியைத் திறந்து பார்த்தவளுக்குப் பகீரென்றது. கீரை வெந்தால் கையளவு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த ஏழு கூடை சந்தோசத்தில் மறந்துபோயிற்று. ஆளுக்கு ஒரு கரண்டி போட்டால் மேற்கொண்டு ஒரு பதினஞ்சு இருபது கரண்டி மிஞ்சும். அவ்வளவுதான்!

"போச்சு டீச்சர்! இந்தக் கரண்டிக் கீரைய மட்டும் தின்னு என்ன பிரயோசனம்? சாம்பார்ல ஒரு மூட்டை காய் கிடக்கு. அது பூராவும் வாளிக்குத்தான் போகப்போகுது."

மணி அடித்துவிட்டது. சுவரோரம் ஆடுகள் வந்து வரிசைகட்டிவிட்டன. வெள்ளை வேட்டியில் பாண்டித்துரை ரெண்டு உறுப்பினர்களோடு வந்து, வாளிக்குப் பக்கத்தில் நாற்காலி போடச்சொல்லி உட்கார்ந்தார்.

பந்தி ஆரம்பித்தது. சோறு, சாம்பார், முட்டை, கடைசியில் ஒரு கரண்டி கீரை. இலையைக் கண்டால் முகம் சுளிக்கிற பயல்கள் கீரையை முதலில் வழித்து வாயில் போட்டார்கள். ஒரு நிமிசம் ஆகவில்லை, சத்தம் கிளம்பிவிட்டது.

"ஆயம்மா, எனக்குக் கீரை!"

"ஆயம்மா, அவளுக்கு நெறைய வச்சீங்க, எனக்குக் கொஞ்சம்தான்!"

"ஆயம்மா, என் கோட்டுலதான் நல்லா வந்துச்சு, எனக்குத்தான் ரெண்டாவது!"

வினோத்குமார் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தே வந்துவிட்டான். தட்டில் கீரை நக்கின மாதிரி சுத்தம். ஓரத்தில் மட்டும் கேரட்டும் பீன்ஸும் கத்திரிக்காயும் பொறுக்கி வைத்த குவியல். மகேஸ்வரி அந்தக் குவியலைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். சட்டியில் மிச்சமிருந்த கீரையைப் பார்த்தாள். அவள் மூளையில் பொறி தட்டியது.

"ஏ பிள்ளைகளா, எல்லாரும் கேளுங்க!" பள்ளிக்கூடமே அதிர்ந்தது. "ரெண்டாங் கரண்டி இருக்கு. ஆனா இருபது பேருக்குத்தான் இருக்கு. எவன் தட்டுல காய் ஒண்ணு கிடக்கோ அவனுக்குக் கிடையாது. தட்ட வழிச்சுக் காலியா கொண்டாங்க, முந்தி வந்தவங்களுக்கு முந்தி!"

ஐயோ, அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கணும்! வினோத்குமார் நின்றபடியே கேரட்டை அள்ளி வாயில் போட்டான். மென்றான். கண்ணை மூடிக்கொண்டு கத்திரிக்காயை முழுங்கினான். கண்ணைத் திறந்து, "ஏலே, இது நல்லாத்தாண்டா இருக்கு!" என்று பக்கத்துப் பயலிடம் சொன்னான். அறுபத்துமூணு பேரும் காயைத் தேடித் தேடித் தின்றார்கள். கவிப்ரியா தட்டை வழித்து நக்கிவிட்டு ஓடிவந்தாள். சஃபா பின்னாலேயே வந்தாள். வரிசை வாசல் வரைக்கும் நீண்டது. தள்ளுமுள்ளு, சிரிப்பு, கத்தல். மகேஸ்வரி அரைக் கரண்டியாக்கினாள், கால் கரண்டியாக்கினாள், கடைசியில் சட்டியைச் சோறு போட்டுப் பிரட்டி ஆளுக்கு ஒரு வாய் உருட்டிக் கையில் வைத்தாள்.

ஒன்றரை மணி. பாண்டித்துரை எழுந்து நாற்காலியைத் தள்ளினார். அவர் குனிந்து வாளியை எட்டிப் பார்த்தார். நீல வாளியின் அடி, பதினோரு வருசம் குப்புறக் கவிழ்ந்து கவிழ்ந்து கீறல் விழுந்த அந்த அடி, பளிச்சென்று தெரிந்தது. ஒரு மூலையில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை மட்டும் கொஞ்சம் கிடந்தது.

"இது என்ன?" என்றார் அவர், விடாமல்.

"சக்கை!" என்று அறுபத்துமூணு குரலும் ஒன்றாகக் கத்தியது. "சக்கையத் திங்கவா முடியும், தலைவரய்யா?"

பாண்டித்துரையால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வீட்டு ஆடுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. "இடம் தோட்டத்துக்கு டீச்சர். கல்லை வேற பக்கம் பதிச்சுக்கிறேன்" என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரை ஓட்டிலிருந்து புறாக்கள் பறந்தன. அவர் கையைத் துடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் தலையை நீட்டினார். "சரித்தா மகேஸ்வரி, இவ்வளவு அடிபிடி நடக்குதே, அப்படி என்ன கீரைய ஆக்கி வச்ச? எனக்கும் ஒரு கரண்டி போடு, பாப்போம்."

மகேஸ்வரி திரும்பிச் சட்டியைப் பார்த்தாள். கரண்டியால் சுரண்டிப் பார்த்தாள். வாய் பழக்கதோசத்தில் 'நெறஞ்சிருக்கு' என்று சொல்லப் போனது. நிறுத்திக்கொண்டாள். சட்டியை ரெண்டு கையாலும் தூக்கி, தலைவர் முகத்துக்கு நேரே தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு இலைகூட விழவில்லை. அவளுக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது, வாய் காதுவரைக்கும் சிரித்தது.

"தீந்து போச்சு தலைவரே!" என்றாள். சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சொல்லணும் போலிருந்ததால், ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். "கீரை தீந்து போச்சு!"